வெண்கொம்பு மீன்

சேலையூர் கேம்ப் ரோட்டில் இருக்கும் பூங்காவனம் கல்யாண மண்டபத்துக்கு யார் பத்திரிகை வைத்தாலும் கெசியா போய்விடுவாள். சொந்தமா, பக்கத்துத் தெருவா, எந்தச் சாமி கும்பிடுகிறவர்கள் என்றெல்லாம் பார்க்க மாட்டாள். போனவள் மேடையைப் பார்ப்பாளா என்றால் அதுதான் இல்லை. பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல், தரையையே பார்த்தபடி மண்டபத்தைச் சுற்றி வருவாள். தெரியாதவர்கள், பாவம், கம்மலைத் தொலைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று தாங்களும் குனிந்து தேடியிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் பக்கத்து நாற்காலிக்காரரின் விலாவில் இடித்து, "மீன் கெசியா வந்துட்டா பாரு" என்பார்கள்.

இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பட்டம் அவளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ரேஷன் கார்டில் மட்டும்தான் ஏறவில்லை. செம்பாக்கத்தில் அவள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு அம்மா, யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு பாத்திரத்தோடு வந்து கதவைத் தட்டி, "வஞ்சிரம் இருக்காம்மா?" என்று கேட்டே விட்டாள். கெசியா அந்தக் கதவைச் சாத்திய வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது.

மீன் விற்கிறவள் இல்லை அவள். கல் தரைக்குப் பாலிஷ் போடுகிறவள். இரண்டு மிஷின், மூன்று ஆட்கள், தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரைக்கும் வாடிக்கை. கோபம் மூக்கின் நுனியில் இருக்கும். வேலையில் ஒரு கீறல் இருக்காது. அப்படிப்பட்டவளுக்கு இந்தப் பட்டம் எப்படி வந்தது என்றால், அதற்கு மலை ஏற வேண்டும்.

வெண்கொம்பு என்று ஒரு சுரங்க ஊர். மலைக்குள்ளே, சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுப்பதற்காகவே உண்டான ஊர். வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு பள்ளிக்கூடம், ஒரு சர்ச், ஒரு கோயில், ஞாயிற்றுக்கிழமை சினிமா காட்டும் ஒரு தகரக் கொட்டகை. கெசியா அங்கேதான் பிறந்தாள். இருபது வயதில் கல் பிளக்கும் கொட்டகையில் வேலை பார்த்தாள். அந்தக் கல் அடுக்கடுக்காக இருக்கும். ஓரத்தில் ஆப்பு வைத்து, இடம் பார்த்து சம்மட்டியால் தட்டினால் பலகை பலகையாகப் பிரிந்து வரும். பிரித்த பலகையின் மேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது கொட்டகை வழக்கம். காய்ந்த கல் பொய் சொல்லும், நனைந்தால்தான் கோடும் குறையும் தெரியும். அதற்குத் தண்ணி காட்டுவது என்று பெயர்.

தொண்ணூற்றேழாம் வருஷம், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை. கெசியா ஒரு பெரிய பாளத்தின் மேலடுக்கைப் பிரித்துத் தள்ளிவிட்டுத் தண்ணி காட்டினாள். கல்லுக்குள்ளிருந்து ஒரு கண் அவளைப் பார்த்தது.

சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கண். அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வில்லைகளாக ஒரு வளையம். கண்ணுக்கு முன்னால் முழ நீளத்துக்கும் மேலே நீண்ட வாய், வாய் முழுக்கப் பல். பின்னால் விலா எலும்புகள், துடுப்பு மாதிரி ஒரு கை. அவள் சொம்பைக் கீழே போட்டுவிட்டாள். அடுத்த அடுக்கிலும் ஏதாவது இருக்குமோ என்று ஆப்பு வைத்து மூன்று தடவை அடித்தாள். கல் அசைந்து கொடுக்கவில்லை. சரி, மேஸ்திரியைக் கூப்பிடலாம் என்று ஓடினாள்.

மேஸ்திரி அன்பு கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வருகிறேன் என்றவர், மோர் சாதத்தையும் முடித்து, கை கழுவி, பீடி பற்றவைத்து, ஆற அமர நடந்து வந்தபோது கொட்டகை காலியாக இருந்தது. கெசியா அந்தப் பக்கம் போனதும், காத்துக்கொண்டிருந்த லாரிக்காரன் அவசரப்படுத்தியதில், ஆட்கள் கையில் கிடைத்த கல்லையெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். லாரி எங்கே போகிறது என்று கேட்டாள். சேலையூரில் கட்டுகிற ஒரு கல்யாண மண்டபத்துக்கு என்றார்கள்.

"மல மேல மீனா?" அன்பு பீடிப் புகையோடு சிரித்தார். "நேத்து ராத்திரி உங்க வூட்ல கருவாட்டுக் கொழம்பா?"

அன்றைக்கு வைத்த பெயர்தான். மறுநாள் குருத்தோலை ஊர்வலத்தில் பாட்டுக்கு நடுவிலேயே இரண்டு பேர் "மீன் கெசியா" என்று கூப்பிட்டார்கள்.

இரண்டு வருஷத்தில் சுரங்கத்தின் அடியில் ஊற்று உடைத்துக்கொண்டது. எத்தனை பம்பு வைத்தும் தண்ணீர் இறங்கவில்லை. கம்பெனி பூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒரே மாதத்தில் வெண்கொம்பு காலியானது. திக்குக்கு ஒருவராகப் போனார்கள். தாம்பரம் பக்கம் வந்தவர்களும் நிறையப் பேர். கெசியா வந்தாள். அவள் நேரம், அன்பு மேஸ்திரியும் செம்பாக்கத்துக்கே வந்தார். ஊர் செத்துப்போனது, பட்டம் பிழைத்துக்கொண்டது.

வந்த முதல் வாரமே பூங்காவனம் மண்டபத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். தண்ணீர் விட்ட மோரின் நிறத்தில், மெல்லிய நீலக் கோடு ஓடுகிற வெண்கொம்புக் கல் அவளுக்கு ஒரு பார்வையில் தெரியும். தரை முழுக்க அதுதான். மீன் மட்டும் இல்லை. இல்லாமல் எங்கே போகும்? குறையுள்ள பக்கத்தைக் கீழே கவிழ்த்து, நல்ல பக்கத்தை மேலே வைத்துப் பதிப்பதுதான் எந்தக் கொத்தனாரும் செய்கிற வேலை. அந்த முகத்தைப் பார்த்தால் எந்தக் கொத்தனாரும் பெருங்குறை என்றுதான் நினைப்பான். ஆக மீன் குப்புறப் படுத்திருக்கிறது. எந்தக் கல்லுக்குக் கீழே என்பதுதான் கேள்வி. ஓடுகிற மண்டபத்தின் தரையைப் பெயர்த்துப் பார்க்கட்டுமா என்று ஓனரிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

அவள் கல்யாணம் பண்ணிக்கொண்ட தீனா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நல்ல மனுஷன். அவள் பேச்சைத் தட்டாதவன். மீன் விஷயத்தில் மட்டும், "சரி கெசி, இருந்துச்சு கெசி" என்பான். அந்த 'சரி'யைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்குள்ளேயே ஒருத்தன் பெரிய மனது பண்ணித் தலையாட்டுவதை எப்படித் தாங்குவது?

சிரிக்காத ஒரே ஆள் ரேஷ்மா. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டுக்குப் பாலிஷ் போடப் போன இடத்தில் பழக்கம். கல்லூரியில் மண்ணையும் பாறையையும் பற்றிப் பாடம் நடத்துகிறவள், கல்லாகிப்போன பழைய உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிறவள். கெசியா வழக்கம்போல் கதையைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல் சிரிப்புக்குக் காத்திருந்தாள். ரேஷ்மா சிரிக்கவில்லை. "அந்தக் கண்ணைச் சுத்தி வளையம் இருந்துச்சுன்னீங்களே அக்கா, ஒரே வளையமா, துண்டு துண்டா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்விக்காகவே கெசியா அன்றைக்கு அவள் வீட்டுப் பால்கனிக்கும் சேர்த்து பாலிஷ் போட்டுக் கொடுத்தாள்.

ரேஷ்மா லீவு போட்டுவிட்டு வெண்கொம்புக்கே போய் வந்தாள். போட்டோக்களைக் காட்டினாள். குவார்ட்டர்ஸ் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு மரம் வளர்ந்திருந்தது. சினிமாக் கொட்டகையில் இரும்புத் தூண்கள் மட்டும் நின்றன. சுரங்கம் இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர், அடி தெரியாத ஆழம்.

"ஒரு காலத்துல அது கடலோட அடிமட்டம்கா. அப்புறம்தான் உயர்ந்து மலையாச்சு. அதனால உங்க மீனுக்கு சான்ஸ் இருக்கு. ஆனா குவாரி ஃபுல்லா தண்ணிக்குள்ள. வெட்டி எடுத்த கல்லு எதையாவது கண்ணால பார்த்தாத்தான் நான் எழுத முடியும். இல்லேன்னா வெறும் பேச்சுதான்."

வெறும் பேச்சு. கெசியாவுக்கு அந்த வார்த்தை சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு தீனா போன் பண்ணினான். பின்னால் ஆட்டோ சத்தம். "கெசி, பூங்காவனத்த இடிச்சினு இருக்காங்க. மேல் கூரய எப்பவோ எறக்கிட்டாங்க போல. வாசல்ல இப்ப ஜேசிபி நிக்குது."

அவள் கையிலிருந்த இட்லியை அப்படியே தட்டில் போட்டாள். ஆட்கள் மூன்று பேரையும் கடப்பாரையோடு வரச் சொன்னாள். ரேஷ்மாவுக்கும் சொன்னாள். அவள் போய்ச் சேர்ந்தபோது மண்டபம் சுவர்கள் மட்டுமாக நின்றது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் சௌகத் அலி. பழைய கட்டடம் இடித்து, கதவு ஜன்னல் இரும்பு விற்கிற வியாபாரி.

"பாய், எனக்கு இந்தத் தரையத் திருப்பிப் பாக்கணும்."

"இன்னாம்மா, தோசையா திருப்பிப் பாக்க?"

வாசற்படியில் நின்றபடியே அவள் முழுக் கதையையும் சொன்னாள். லாரி, கண், மூன்று தடவை அடித்த ஆப்பு, எல்லாம். சௌகத் அலி தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"தோ பாரும்மா. இந்தத் தர கல்லு எனக்கு வேணாம். பேத்தா ஒடையும், வாங்க ஆள் கெடயாது. ஒடைச்சு பள்ளத்துல கொட்றதுக்குத்தான் வெச்சிருக்கேன். நாளிக்கு காலில எடத்த சுத்தமா ஒப்படைக்கணும், இல்லாங்காட்டி எனக்குப் பேஜாரு. மூணு மணிக்கு ஜேசிபி உள்ள எறங்கும். அதுவரிக்கும் உன் டைமு. மூணு மணின்னா மூணு மணிதான்."

ஐந்து மணி நேரம்கூட இல்லை. அதற்குள் கிடைக்காவிட்டால் ஜேசிபியின் பல் அந்தக் கல்லை நொறுக்கிவிடும். அப்புறம் அவள் சாகும்வரைக்கும், செத்த பிறகும், மலை மேல் மீன் பார்த்த பைத்தியம்தான்.

கெசியா கணக்குப் போட்டாள். சந்தேகக் கல்லைக் கொத்தனார் கண்ணில் படாத இடத்தில்தான் போடுவார். முதலில் சாமான் அறை. ஆட்கள் கடப்பாரை போட்டு ஒவ்வொரு கல்லாக நெம்பிப் புரட்டினார்கள். இருபது கல், முப்பது கல். மீன் இல்லை. ஆனால் ரேஷ்மா மண்டியிட்டு உட்கார்ந்து கத்தினாள். கவிழ்ந்து கிடந்த முகங்களில் சுருள் சுருளாக நத்தைகள், முஷ்டி அளவில் ஒன்று, விரல் நகம் அளவில் நூறு. சிப்பிகள், வரி வரியாக.

"அக்கா, இது அம்மோனைட்! இதெல்லாம் கடல் உயிருங்க! எவ்வளவு இருக்கு பாருங்க!"

"நத்த கெடக்கட்டும் மேடம். எனக்கு மீனு வேணும்."

அடுத்தது சமையல்கட்டு. அதற்கும் அடுத்தது மணமேடைக்கு அடியில். ஒரு மணி ஆனது, ஒன்றரை ஆனது. சாப்பிடக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. கெசியாவின் உள்ளங்கை தோல் உரிந்து எரிந்தது. நத்தைகள் வந்துகொண்டேயிருந்தன. மீன் வரவில்லை.

இதற்கிடையில் செய்தி செம்பாக்கம் வரைக்கும் போய்விட்டது. அன்பு மேஸ்திரி வந்து சேர்ந்தார். எழுபது வயது, கையில் டீ கிளாஸ். இந்தக் கூத்தைப் பார்க்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்குமா? ஜேசிபி டிரைவரையும் இடிக்கிற ஆட்களையும் நிழலில் உட்கார வைத்துக்கொண்டு, தன் வாழ்நாள் கதையை ஆரம்பித்துவிட்டார்.

இரண்டே முக்காலுக்கு மணமேடைப் பக்கமும் முடிந்தது. நடு மண்டபத்தில் இன்னும் நானூறு கல் இருந்தது. நானூறைக் கால் மணி நேரத்தில் எந்த மனுஷனும் புரட்ட முடியாது. ஜேசிபி டிரைவர் எழுந்து போய் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணினான். கெசியா வெளியே வந்து, வாசற்படியில் நின்றபடி ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள். இந்த மேஸ்திரிக்கு முன்னால் அழக் கூடாது, அது மட்டும் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அன்பு அவள் பக்கம் திரும்பி, அந்தக் கால கெசியாவின் குரலிலேயே, கையை ஆட்டி ஆட்டி நடித்துக் காட்டினார். "'மேஸ்திரி, மேஸ்திரி, மூணு வாட்டி ஆப்பு வெச்சு அடிச்சேன் மேஸ்திரி, கல்லு பொளக்கவே மாட்டேங்குது, ஓடியாங்க!' இன்னா ஓட்டம் ஓடியாந்தா தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கெசியா பாட்டிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"மேஸ்திரி, இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"இன்னாது?"

"இப்ப சொன்னீங்களே, அதச் சொல்லுங்க."

"மூணு வாட்டி ஆப்பு வெச்சு அடிச்சேன், பொளக்கல."

"பொளக்காத கல்ல நம்ம கொட்டாயில இன்னா பண்ணுவோம்?"

"இன்னா பண்றது, தடிக்கல்லுன்னு ஒதுக்கி வெப்போம். தரைக்கு ஆவாது. வாசப்படிக்குத்தான் போ..."

வாய் திறந்தது திறந்தபடியே இருக்க, அன்பு நின்றுவிட்டார். டீ கிளாஸ் சாய்ந்து டீ அவர் காலில் வழிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

கெசியா குனிந்து தன் காலைப் பார்த்தாள். நான்கு அங்குலத் தடிப்பில், ஆள் நீளத்துக்கு ஒரே கல். பூங்காவனம் மண்டபத்தின் வாசற்படி. காலையில் அதன் மேல் நின்றுதான் அவள் சௌகத் அலியிடம் கெஞ்சினாள். இருபத்தாறு வருஷமாக அதை மிதித்துத்தான் உள்ளே போய் மீனைத் தேடினாள். பிளக்கவில்லை, பிளக்கவில்லை என்று ஊரெல்லாம் சொன்னவளுக்கு, பிளக்காத கல் தரைக்கு வராது என்பது ஒரு நாளும் உறைக்கவில்லை. தினம் சொன்ன கதையைத் தன் காதால் அவள் கேட்டதே இல்லை.

சட்டென்று இரண்டு காலையும் கல்லை விட்டு எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். "டேய், கடப்பாரயக் கொண்டாங்கடா!"

"மணி மூணு ஆயிடுச்சு," என்றான் ஜேசிபி டிரைவர். "நா வேணா பக்கெட்டப் போட்டுத் தூக்கட்டா?"

"தொட்ட, கைய ஒடிப்பேன்!"

சௌகத் அலி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், கெசியாவைப் பார்த்தார். அப்புறம் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டினார். "இஞ்சின ஆஃப் பண்ணுடா. எல்லாரும் வந்து கை குடுங்க."

ஓரங்களில் பூசியிருந்த சிமென்டை கெசியாவே உளி வைத்துக் கொத்தி எடுத்தாள். கல் கவிழும் இடத்தில் பழைய டயர்களையும் சாக்குகளையும் பரப்பினார்கள். ஒரு பக்கம் நான்கு கடப்பாரை. சௌகத் அலி "பிஸ்மில்லா" என்றார், கெசியா "ஆண்டவரே" என்றாள், கல் முனகிக்கொண்டு அரை அடி எழும்பியது. அந்த நேரம் பார்த்து தீனாவின் ஆட்டோ வந்து நின்றது. அவன் ஓடிவந்து தோள் கொடுத்தான். அவன் பின்னாலேயே ஆட்டோவில் வந்த மேடவாக்கம் சவாரிகள் இரண்டு பேரும் என்ன ஏது என்று கேட்காமல் கை கொடுத்தார்கள். கடைசியாக அன்பு மேஸ்திரியும் வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, "மெதுவா, மெதுவா, எடப்பக்கம் பிடி" என்று பழைய மேஸ்திரி குரலில் அதட்டினார். யாரும் மறுக்கவில்லை. கல் செங்குத்தாக நின்றது, ஒரு கணம் யோசித்தது, டயர் மேல் மல்லாந்து சாய்ந்தது.

தடிக்கல்லைச் சிமென்டில் பதிக்க மாட்டார்கள். கனமே அதைப் பிடித்துக்கொள்ளும் என்று மணல் பரப்பி அதன் மேல் படுக்க வைத்துவிடுவார்கள். அதனால் கல்லின் முகத்தில் ஈர மணல் மட்டும்தான் ஒட்டியிருந்தது. கெசியா மண்டி போட்டு, தோல் உரிந்த கையாலேயே மணலை வழித்தாள். "தண்ணி," என்றாள். தீனா ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் வாங்கி, மேலிருந்து கீழாக, நிதானமாக ஊற்றினாள்.

முதலில் கண் வந்தது.

அதே தட்டு அகலக் கண், அதே வில்லை வளையம். அப்புறம் நீண்ட வாய், வாய் முழுக்கப் பல். அப்புறம் விலா, அப்புறம் அந்தத் துடுப்புக் கை. ஒரு எலும்பு குறையவில்லை. அவள் இருபது வயதில் பார்த்தது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

கெசியா வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "இருக்கு! இருக்குய்யா! நா சொன்னேன்ல? நா பாத்தேன்ல?" என்று யாரிடம் என்றில்லாமல் கத்தினாள். கேம்ப் ரோட்டில் போன பஸ் கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனது. அவ்வளவு சந்தோஷத்தை ஒரே உடம்பு எப்படித் தாங்குகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தீனா அவள் பக்கத்தில் குந்தினான். "கெசி, நா நம்பலடி. சும்மா சரி சரின்னேன். மன்னிச்சுக்க."

"தெரியும்யா. எனக்குத் தெரியாதா?" என்று ஈரக் கையால் அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

ரேஷ்மா கல்லைத் தொடவே இல்லை. இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "அக்கா, இது மீன் இல்ல."

கெசியா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"மீனை விடப் பெரிய விஷயம். இது கடல்ல வாழ்ந்த ஊர்வன. பல்லி, முதலை மாதிரி ஜாதி. டைனோசர் இருந்த காலம். இக்தியோசர்னு சொல்லுவோம். நல்லா ஆராய்ஞ்சுதான் உறுதியா சொல்லணும், ஆனா இவ்வளவு முழுசா ஒண்ணை நான் கையெட்டுற தூரத்துல பார்த்ததே இல்ல."

"பாத்தியா!" அன்பு துள்ளினார். "மீன் இல்லன்னு நா அன்னிக்கே சொன்னேன்!"

இந்தத் தடவை சிரித்த சிரிப்பில் முதல் ஆளாகச் சிரித்தவள் கெசியாதான்.

சௌகத் அலி கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "தலைகீழாப் போட்டானே கொத்தனாரு, அவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும். நேரா போட்டிருந்தா எத்தினி ஆயிரம் செருப்பு தேச்சிருக்கும்?"

கெசியா தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். செருப்பு இருக்கட்டும், இந்த மண்டபத்துக்கு இரண்டு தடவை பாலிஷ் போட்டதே அவள்தான். வாசற்படிக்கும் சேர்த்து மிஷின் ஓட்டினாள். மேலே மட்டும் இருந்திருந்தால் அவள் கையாலேயே அந்தக் கண்ணைத் தேய்த்து அழித்திருப்பாள். ஒருத்தரும் நம்பாமல் கவிழ்த்துப் போட்டதுதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

"கல்லு யாருக்குப் போவணுமோ அங்க போவட்டும்," என்றார் சௌகத் அலி. "என் லாரியே கொண்டாந்து விடும். கூலி கீலின்னு யாரும் பேசக் கூடாது."

ரேஷ்மா பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். கல் எங்கிருந்து வந்தது என்பது எழுத்தில் இல்லாவிட்டால் அது வெறும் வேடிக்கைப் பொருள்தான், ஆராய்ச்சிக்கு உதவாது என்றாள். "இடம்?"

"வெண்கொம்பு," என்றாள் கெசியா. மேப்பிலிருந்தே உதிர்ந்துபோன ஒரு ஊரின் பெயரை ரேஷ்மா பெரிய எழுத்தில் எழுதினாள்.

"கண்டெடுத்தவர், கெசியா. நாள்? இன்னைக்குத் தேதி போடட்டுமா?"

"இன்னிக்கு இல்ல மேடம். தொண்ணூத்தியேழு, மார்ச் இருவத்திரெண்டு. சனிக்கெழம."

ரேஷ்மாவின் பேனா தயங்கியது. "நான் நம்புறேன்கா. ஆனா அந்த நாள், அந்த சுரங்கம்னு உங்களைத் தவிர இன்னொருத்தர் சாட்சி சொல்லணும். அப்பவே உங்க வாயால கேட்ட யாராவது இருக்காங்களா?"

இருக்கிறார்களாவா! கெசியா திரும்பிப் பார்த்தாள். கூட்டமே திரும்பிப் பார்த்தது. அன்பு மேஸ்திரி காலியான டீ கிளாஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். இருபத்தெட்டு வருஷமாக, ஒரு கல்யாணம் காட்சி விடாமல், தேதி கிழமையோடு அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த மனுஷனை விட ஒரு சாட்சி வேறு எங்கே கிடைப்பார்?

அவர் பேனாவை வாங்கினார். வாசற்படிக் கல்லுக்குப் பக்கத்தில் குந்தி, எழுத்துக் கூட்டி எழுதினார்: 'மேற்படி தேதியில் வெண்கொம்பு கல் பிளக்கும் கொட்டகையில் இதைப் பார்த்ததாகக் கெசியா என்னிடம் வந்து சொன்னாள். நான் நம்பவில்லை. அன்று மாலையே அவளுக்கு மீன் கெசியா என்று பெயர் வைத்தேன்.' கீழே கையெழுத்துப் போட்டார்.

ரேஷ்மா படித்துப் பார்த்தாள். "இந்த நம்பவில்லை, பெயர் வைத்தேன் எல்லாம் தேவையில்ல சார். அதை அடிச்சிடலாமா?"

"அடிக்காதீங்க மேடம்," என்றாள் கெசியா. "அதான் சாட்சி. இருக்கட்டும்."

அன்பு எழுந்து நின்றார். கும்பிடலாமா என்று கை பாதி எழும்பியது. கெசியா அந்தக் கையிலிருந்து டீ கிளாஸை வாங்கி, "போங்க மேஸ்திரி, போய் எல்லாருக்கும் டீ சொல்லுங்க. ஒங்க செலவு," என்றாள். அவர் விடுவிடுவென்று டீக்கடைப் பக்கம் நடந்தார்.

ஐந்து மணிக்கு, ஈரச் சாக்கும் பழைய மெத்தையும் சுற்றி, ரேஷ்மாவின் கல்லூரிக்குப் போகக் கல் லாரி ஏறியது. லாரி திரும்புவதற்காக கேம்ப் ரோட்டில் வண்டிகள் இரண்டு பக்கமும் நின்றன. பைக்கில் வந்த ஒருவர் ஹெல்மெட்டைத் தூக்கி, "இன்னா சார் கூட்டம்? யாரு அந்தம்மா?" என்று தீனாவைக் கேட்டார்.

தீனா ஆட்டோவின் மேல் ஒரு காலை வைத்து ஏறி நின்றான். சேலையூர் மொத்தமும் கேட்கட்டும் என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினான்.

"என் பொண்டாட்டி சார்! மீன் கெசியா!"

லாரியில் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெசியாவின் காதிலும் அது விழுந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாலையில் நின்றவர்களைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினாள்.